தண்டல் வட்டி: தினம் 5 ரூபாய் ஒதுக்க ஏன் முடிவதில்லை?

கேள்வி, 3 பிப்ரவரி

"கோயம்பேடு சந்தையில் காலையில் 1,000 ரூபாய் தண்டல், அதாவது தினவட்டிக் கடன், வாங்கி, சாயங்காலம் 1,050 கட்டுகிற வியாபாரிகளைப் பார்க்கிறேன். வருஷக்கணக்கில் இதே கதைதான். ஒரு டீயைக் குறைத்தால்கூட இரண்டு மாசத்தில் சொந்தக் காசில் சரக்கு எடுக்கலாம். யாரும் செய்வதில்லை. மனுஷன் ஏன் இப்படி நடந்துகொள்கிறான் என்பதற்கு நடத்தை அறிவியலில் விடை இருக்கிறது என்கிறார்களே, இதற்கு என்ன விடை? எனக்கென்னவோ அறிவியலே வேண்டாம், படிப்பறிவு இல்லாததுதான் காரணம் என்று படுகிறது."

3 பிப்ரவரி, இரவு

கணக்கு நீங்கள் சொல்வதைவிடச் சுலபம். நாளுக்கு 5 சதவீத வட்டி. இன்று 5 ரூபாய் ஒதுக்கி நாளைக்கு 995 மட்டும் வாங்கினால் வட்டியில் கால் ரூபாய் குறையும். அந்தக் கால் ரூபாயையும் அடுத்த நாள் 5 ரூபாயோடு சேர்த்து ஒதுக்க வேண்டும். இப்படியே போனால் 50 நாளில் கடனே தேவைப்படாது. அதே 5 ரூபாயை வெறுமனே உண்டியலில் போட்டு வந்தால் 1,000 சேர 200 நாள். இன்றைய விலைக்கு முழு டீயைக்கூட விட வேண்டாம், அரை டீ போதும். ஐம்பதாவது நாளுக்குப் பிறகு தினமும் 50 ரூபாய் கையில் கூடுதலாக நிற்கும்.

இவ்வளவு சுலபமாக இருப்பதுதான் எனக்குச் சந்தேகம். இத்தனை பேர் இத்தனை வருஷம் ஒரே இடத்தில் தப்புப் பண்ணுகிறார்கள் என்றால் நாம் போட்ட கணக்கில் எதையோ விட்டிருக்கிறோம்.

படிப்பறிவு என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. என் சித்தி எட்டாவது வரைதான் படித்தவர், பூ வியாபாரம். மல்லி கிலோ இன்ன விலை என்று காதில் விழுந்ததும் முழம் எவ்வளவுக்கு விற்கலாம், வாடிப்போவதற்கு எவ்வளவு தள்ளலாம் என்று தொடுத்துக்கொண்டே சொல்வார். நான் போனை எடுத்து கால்குலேட்டரைத் திறப்பதற்குள் அடுத்த ஆளிடம் பேரம் ஆரம்பித்திருக்கும். தண்டல் வட்டி அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் வாங்குகிறார்.

4 பிப்ரவரி

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள் என்பதைச் சொல்ல மறந்தேன். டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலுமாக மூன்று இடங்களில் சந்தை வியாபாரிகளில் ஒரு பகுதியினரின் வட்டிக் கடனை மொத்தமாக அடைத்துவிட்டார்கள். இந்தியாவில் நடந்த இடம் நம்ம சென்னைதான். 2019-ல் வெளியான ஆய்வு. கடன் பூஜ்யம், இனி சொந்தக் காசில் சரக்கு எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

பெரும்பாலோர் ஆறு வாரத்துக்குள் மறுபடி வட்டிக்குப் போய்விட்டார்கள். ஒன்றிரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், கடன் அடைக்கப்பட்டவர்களும் அடைக்கப்படாதவர்களும் ஒரே அளவு கடனில்.

4 பிப்ரவரி, கொஞ்ச நேரம் கழித்து

"பார்த்தீர்களா, நான் சொன்னதுதான்" என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். அவசரம் வேண்டாம். இந்த முடிவு ஒரே ஒரு விஷயத்தைத்தான் காட்டுகிறது: கடன்சுமையைத் தூக்கினால் மட்டும் போதாது. மறுபடி ஏன் போனார்கள் என்பதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். ஒன்று, இன்றைய ஆசை நாளைய லாபத்தைவிடப் பெரிதாகத் தெரிவது. பாடப்புத்தகத்தில் இது நிகழ்கால நாட்டம். இரண்டாவது, கையில் இடைவெளியே இல்லாத வாழ்க்கை. குழந்தைக்குக் காய்ச்சல், இரண்டு நாள் மழை, சரக்கு அழுகல், இதில் ஒன்று வந்தால் போதும், கைமுதல் கரைந்துவிடும். முதலாவது, தலைக்குள் இருக்கும் கோளாறு. இரண்டாவது வெளியே இருக்கிறது. வெளியே இருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும், சிக்கலே அதுதான்.

8 பிப்ரவரி

தலைக்கு உள்ளே, வெளியே என்று நான் பிரித்ததை ஒருவர் கேள்வி கேட்டிருக்கிறார். வெளியே இருக்கும் நெருக்கடி உள்ளே போய் மூளையையே மந்தமாக்காதா என்கிறார். நல்ல கேள்வி. அதற்கென்றே ஓர் ஆய்வு இருக்கிறது, அதுவும் விழுப்புரம், திருவண்ணாமலை பக்கம் நடந்தது.

ஆனந்தி மணி, முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். 2013-ல் சயின்ஸ் இதழில் வந்தது. கரும்புக்காரருக்கு வருஷ வருமானம் ஏறக்குறைய ஒரே தடவையில் வருகிறது. பணம் வந்த சூட்டில் கொஞ்ச நாள் தாராளம், அடுத்த வெட்டுக்கு முன்னால் கழுத்து நெரியும். அறுவடைக்கு முன்பு 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள், பின்பு 4 சதவீதம். ஆள் ஒருவரே, நிலமும் அதே நிலம். வடிவங்களில் விடுபட்டதைக் கண்டுபிடிக்கும் சோதனையிலும், கவனத்தைக் கட்டுப்படுத்தும் சோதனையிலும் அறுவடைக்கு முன்பு மதிப்பெண் தெளிவாகக் குறைவு.

எனக்குப் பிடித்தது அந்த ஏற்பாடுதான். நெல் என்றால் ஊரே ஒரே சமயத்தில் அறுக்கும். வெயிலா, பண்டிகையா, பணமா, எது காரணம் என்று பிரிக்க முடியாது. கரும்பில் அப்படி இல்லை. ஆலையால் ஒரே நாளில் எல்லாக் கரும்பையும் அரைக்க முடியாது, அதனால் வெட்டச் சொல்லி ஆலை தரும் கட்டிங் ஆர்டர் மாசக்கணக்கில் ஆளுக்கு ஒரு தேதியாக வரும். பக்கத்துப் பக்கத்து வயல்காரர்களில் ஒருத்தர் கையில் பணம் இருக்கும், இன்னொருத்தர் காதில் கம்மல் இருக்காது. ஆர்டர் தாமதமானால் ஆலையைத் திட்டித் தீர்ப்போம். அதே தாமதம்தான் இந்த ஆய்வுக்கு உயிர் கொடுத்தது.

9 பிப்ரவரி

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "ஏழைக்கு மூளை குறைவு என்கிறீர்களா" என்று ஒரு கோபம். நேர் எதிராகச் சொல்கிறது அந்த ஆய்வு. மூளை அப்படியேதான் இருக்கிறது, அதில் பாதியை அடகுக் கடை பிடித்து வைத்திருக்கிறது.

ஆனால் அதை வேதவாக்காகவும் எடுக்க வேண்டாம். அமெரிக்காவில் குறைந்த வருமானக்காரர்களைச் சம்பள நாளுக்கு முன்பும் பின்பும் சோதித்த ஆய்வு 2016-ல் வந்தது. அதில் சிந்தனைத் திறனில் வித்தியாசம் எதுவும் தென்படவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மாதச் சம்பளக்காரரின் கடைசி வாரமும் கரும்புக்காரரின் கடைசி மாதங்களும் ஒரே அளவு நெருக்கடி இல்லை என்று தோன்றுகிறது. இது என் ஊகம். இதற்கு நடுவே ஒடிசாவில் இலைத் தட்டு தைக்கும் தொழிலாளர்களில் சிலருக்குக் கூலியை முன்கூட்டியே கொடுத்துப் பார்த்தார்கள். பணம் கிடைத்ததும் தட்டு எண்ணிக்கை கூடியது, கவனக்குறைவால் வரும் பிசகு குறைந்தது, அதுவும் ரொம்ப ஏழைகளிடம் அதிகமாக. வேலை அதே வேலை, ரேட்டும் அதே. கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்ததில்தான் வித்தியாசம்.

11 பிப்ரவரி

"அப்படியானால் மாசக் கடைசியில் நான் ஆபீஸில் பண்ணும் தப்புக்கெல்லாம் இதைக் காரணமாகச் சொல்லலாமா?"

முயற்சி பண்ணுங்கள். மேனேஜரும் மாசக் கடைசியில்தான் இருப்பார்.

15 பிப்ரவரி

சித்தியிடமே கேட்டுவிட்டேன். இதைக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் ஆய்வுத்தாள்களில் நான் பார்க்காத ஒன்று இதில் இருக்கிறது.

தண்டல்காரர் சாயங்காலம் ஏழு மணி வாக்கில் டிவிஎஸ் 50-ல் வருவார். வண்டியை விட்டு இறங்க மாட்டார், ஹாரன் மட்டும். சித்தி பூக்கூடையை மூடியிருக்கும் ஈரச் சாக்கைத் தூக்கி, ஓரத்தில் பாலிதீனில் சுற்றிவைத்த அட்டையை எடுப்பார். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட அட்டை. பணத்தை எண்ணி நீட்டினால், அவர் கட்டத்தில் தேதியைப் போட்டு ஒரு கிறுக்கல். பேச்சே கிடையாது. மொத்தமே அரை நிமிஷம்.

"தினம் அஞ்சு ரூபா கம்மியா வாங்கினா என்ன சித்தி?" என்றேன். சிரித்தார். "தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தஞ்சு குடுன்னு கேட்டா, இந்தம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நெனப்பான்." ரவுண்டாகத்தான் புழங்குகிறது அந்தப் பணம். நம்ம 50 நாள் கணக்கு முதல் நாளே இங்கே இடிக்கிறது.

சரி, உண்டியலில் சேர்த்து ஒரே தடவையில் விட்டுவிடலாமே என்றேன். பாட்டிக்கு மூச்சுத்திணறல் வந்த ராத்திரியை நினைவுபடுத்தினார். பத்து மணிக்கு மேல் போன் போட்டதும் அந்த ஆள் 5,000 ரூபாயோடு ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்தாராம். கையெழுத்து இல்லை, ஜாமீன் இல்லை. "தினம் வாங்கிக் கட்டுறதாலதான் வந்தான். வாங்காம விட்டுட்டு அவசரத்துக்குப் போய் நின்னா எவன் தருவான்?" தினம் கட்டும் வட்டியில் ஒரு பங்கு இன்ஷூரன்ஸ் பிரீமியம் மாதிரி. விலை அநியாயம்தான், மறுக்கவில்லை. 2003-ல் வந்த தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டலையும் பேர் சொல்லித்தான் சேர்த்திருக்கிறது. ஆனால் அந்த ராத்திரி அந்த வேகத்தில் பணம் தர அவருக்குத் தெரிந்து வேறு ஆள் இல்லை.

அப்புறம் மூன்றாவது காரணம், தயங்கித் தயங்கிச் சொன்னது. கையில் நாலு காசு இருப்பது தெரிந்தால் நாத்தனார் வீட்டுக் காதுகுத்தா, அண்ணன் மகன் காலேஜ் பீஸா, யாராவது வந்து நிற்பார்கள். இல்லை என்று சொல்ல முடியாது. "நானே தண்டல் கட்டிட்டு இருக்கேன்" என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

கடன் அவருக்கு வேலியாகவும் இருக்கிறது.

16 பிப்ரவரி

"உங்கள் சித்தி சமாளிக்கிறார், பின்னால் காரணம் கண்டுபிடிக்கிறார்" என்று ஒருவர். இருக்கலாம். மனிதர்கள் தாங்கள் செய்ததற்குப் பின்னால் காரணம் புனைவார்கள் என்பதும் நடத்தை அறிவியலின் பழைய பாடம்தான். ஆனால் மூன்றாவது காரணம் புனைவாக இருந்தால் அதே புனைவு ஆப்பிரிக்காவரை போயிருக்கிறது. கேமரூன் நாட்டின் கடன் கூட்டுறவுகளில், சேமிப்பில் போதுமான பணம் வைத்துக்கொண்டே சிலர் கடன் வாங்கி வட்டி கட்டுகிறார்கள். ழான்-மாரி பாலாந்தும் உடன் ஆய்வாளர்களும் ஏன் என்று விசாரித்தார்கள். கடன்காரராகத் தெரிந்தால் சொந்தக்காரர்கள் கேட்டு வர மாட்டார்கள், அதற்காகத்தான் என்று பதில் வந்தது. 2011-ல் வெளிவந்த ஆய்வு.

சித்தியிடம் கேமரூன் கதையைச் சொன்னேன். "அங்கயும் நாத்தனார் இருக்காளா?" என்றார்.

17 பிப்ரவரி

சேமிக்காதவனுக்குப் பொறுமை இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. அமெரிக்காவில் ரோச்சஸ்டரில் 28 குழந்தைகளை வைத்து 2013-ல் ஒரு சோதனை. இப்போதே ஒரு மிட்டாய் சாப்பிடலாம், காத்திருந்தால் இரண்டு. அந்தப் பழைய மிட்டாய்ச் சோதனைதான், ஆனால் முன்னாலேயே ஒரு வேலை செய்தார்கள். பாதிக் குழந்தைகளிடம் "படம் வரைய நல்ல சாமான் கொண்டுவருகிறேன்" என்று சொல்லி ஏமாற்றினார்கள், மீதிப் பேரிடம் சொன்னபடி கொண்டுவந்தார்கள். ஏமாந்தவர்கள் சராசரியாக 3 நிமிஷம் காத்திருந்தார்கள், மற்றவர்கள் 12 நிமிஷம். சின்ன ஆய்வு, அதை மறக்க வேண்டாம். ஆனால் சீட்டுக் கம்பெனி ஓடிப்போன தெருவில் வளர்ந்தவர்கள் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

20 பிப்ரவரி

தலைக்குள் இருக்கும் கோளாறை அடியோடு மறுக்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதுவும் உண்டு. சென்னையில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் 229 பேரிடம் பிராங்க் ஷில்பாக் மூன்று வாரம் நடத்திய சோதனை இருக்கிறது. குடிக்காமல் வந்தால் காசு. மூச்சுக் கருவியில் ஊதிக் காட்ட வேண்டும். பகல் குடி நன்றாகக் குறைந்தது. மொத்தக் குடி பெரிதாகக் குறையவில்லை, ராத்திரிக்குத் தள்ளிப்போட்டார்கள், அவ்வளவுதான். அப்படியிருந்தும் சேமிப்பு 50 சதவீதம் ஏறியது. பகலில் தெளிவாக இருந்தவருக்கு, வாங்கிய காசைப் பெட்டியில் போடலாம் என்ற யோசனை வருகிறது.

அதைவிட எனக்கு ஆச்சரியம் வேறு. நிபந்தனை எதுவும் இல்லாத பணமா, குடிக்காமல் வந்தால் மட்டும் கிடைக்கும் பணமா என்று கேட்டபோது, பாதிக்கும் மேற்பட்டவர்கள் கொஞ்சம் நஷ்டப்பட்டாவது இரண்டாவதைக் கேட்டார்கள். என்னைக் கட்டிப்போடு என்று காசு கொடுத்துக் கேட்கிறார்கள். அவர்களுக்குத் தங்களைப் பற்றி நமக்குத் தெரிவதைவிட நன்றாகத் தெரிகிறது.

இதையே வங்கிக் கணக்காகச் செய்து பார்த்தது பிலிப்பைன்ஸில், 2006-ல் வெளியான ஆய்வு: நீங்களே வைத்த இலக்கு வரும்வரை பணத்தை எடுக்க முடியாத கணக்கு. கூடுதல் வட்டி கிடையாது. வாய்ப்பு தரப்பட்டவர்களில் 28 சதவீதம் பேர் சேர்ந்தார்கள். நம்ம ஊர் தீபாவளிச் சீட்டும் நகைச் சீட்டும் என்ன? வட்டி பார்த்தால் போஸ்ட் ஆபீஸ் மேல். ஆனால் போஸ்ட் ஆபீஸில் இருப்பதை அவசரம் என்று எடுத்துவிடலாம், சீட்டில் போட்டதை எடுக்க முடியாது, அதனால்தான் போடுகிறார்கள். "சீட்டுல போட்டிருக்கேன்" என்பது நாத்தனாரிடமும் செல்லும் பதில்.

21 பிப்ரவரி

மேலே 15-ம் தேதி எழுதியதையும் நேற்றையதையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முரண் இருக்கிறது என்கிறார் ஒருவர்: சித்திக்குச் சீட்டுப் போடத் தெரியும் என்றால் சரக்குக்கும் சீட்டே போட்டுத் தண்டலை விடலாமே?

ஆமாம். சரியான அடி. சித்தி சீட்டும் போடுகிறார், தண்டலும் வாங்குகிறார், இரண்டும் ஒரே சமயத்தில். சீட்டு எடுத்த பணம் இதுவரை சரக்குக்குப் போனதே இல்லை, பொண்ணு கம்மலுக்கும் வீட்டு அட்வான்ஸுக்கும் போயிருக்கிறது. அந்தப் பணம் வேறு, இந்தப் பணம் வேறு என்று மனசுக்குள் தனித்தனி டப்பா. ரிச்சர்ட் தேலர் இதை மனக்கணக்கு வைத்தல் என்று வர்ணித்தார், 2017-ல் அவருக்கு நோபல் கிடைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். அஞ்சறைப்பெட்டியில் தனியாகக் காசு ஒளித்த வீடுகளில் வளர்ந்த நமக்கு அது புதுசில்லை. ஆனால் இதில் டப்பா பிரித்ததால் சித்திக்கு நஷ்டம், அதை மறைக்க முடியாது. இந்த இடத்தில் கேள்வி கேட்டவருக்கு அரை மார்க்.

27 பிப்ரவரி

கொஞ்சம் விலகிப் போகிறேன். சென்னையில் நடந்த இன்னொரு சோதனை, தூக்கம் பற்றியது, 2021-ல் வெளியானது. குறைந்த வருமானக்காரர்களின் மணிக்கட்டில் கருவி கட்டி அளந்தார்கள். 8 மணி நேரம் படுக்கையில் கிடக்கிறார்கள், தூங்குவது ஐந்தரை மணி நேரம். கொசு, புழுக்கம், தெருச் சத்தம், ஒரே அறையில் எல்லாரும். இவர்களுக்குக் காதடைப்பான், கண்மூடி, மெத்தை, அறிவுரை எல்லாம் கொடுத்து ராத்திரித் தூக்கத்தை 27 நிமிஷம் கூட்டினார்கள். வேலைத்திறன் எகிறும் என்று நிபுணர்கள் முன்கூட்டியே ஊகித்திருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. வேலையிலும் இல்லை, யோசனையிலும் இல்லை, மனநிலையிலும் இல்லை.

ஆனால் வேலையிடத்திலேயே மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் கொடுத்தபோது வேலைத்திறனும் கூடியது, மனசும் தெளிந்தது. என்ன, தூங்கிய நேரத்துக்கு வேலை நடக்கவில்லை. பெரும்பாலும் அமைதியான நல்ல இடம் என்பதால்தான் என்று நினைக்கிறேன். வீட்டில் 27 நிமிஷம் கூடினாலும் அது அதே உடைந்து உடைந்து வரும் தூக்கம்தானே. நிபுணர்கள் தப்பாகச் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. அவர்கள் தூக்கத்தின் அளவைப் பார்த்தார்கள், அறையைப் பார்க்கவில்லை.

28 பிப்ரவரி

"என் மாமனார் கடையில் இதைத்தான் முப்பது வருஷமாகச் செய்கிறார், ஆய்வே எழுதவில்லை."

அவர் கடையில் வேலை செய்யும் பையனுக்கும் அந்தத் தூக்கம் உண்டா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

2 மார்ச்

இதெல்லாம் எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு வருகிறேன், தள்ளிக்கொண்டே போனேன்.

2015-ல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த பெரிய முயற்சியில் 36 சதவீதம்தான் மறுபடி தேறியது. படிவத்தின் மேலேயே கையெழுத்து வாங்கினால் மக்கள் உண்மை எழுதுவார்கள் என்று 2012-ல் புகழ்பெற்ற ஓர் ஆய்வு, அதன் தரவே புனைந்தது என்று தெரிந்து 2021-ல் திரும்பப் பெறப்பட்டது. நேர்மையைப் பற்றிய ஆய்வு அது. இதற்கு மேல் நான் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை.

மக்களைக் கட்டாயப்படுத்தாமல் லேசாகத் தள்ளிவிடும் நட்ஜ் உத்திகளையும் எடை போட்டிருக்கிறார்கள். பல்கலைக்கழக ஆய்விதழ்களில் வந்தவற்றின் சராசரி விளைவு 8.7 சதவீதப் புள்ளி. அதே வகை உத்திகளை அமெரிக்காவில் அரசாங்கங்களோடு சேர்ந்து பெரிய அளவில் செய்த குழுக்களின் சராசரி 1.4. நன்றாக வந்தது மட்டும் இதழில் ஏறுகிறது, வராதது மேஜை டிராயரில் தங்குகிறது. 1.4-ம் சும்மா இல்லை, ஒரு கடிதத்தின் வாசகத்தை மாற்றும் செலவுக்கு. ஆனால் வாட்ஸப்பில் சுற்றும் "மனித மூளையின் 20 ரகசியங்கள்" எல்லாம் 8.7 பக்கத்திலிருந்து வருபவை.

என் அளவுகோல் இதுதான்: ஆள் யார், எந்த ஊர், அவர் பாக்கெட்டில் எவ்வளவு, பக்கத்தில் யார் நிற்கிறார் என்று ஆய்வு கேட்டிருக்கிறதா? கரும்பு ஆய்வு கேட்டது, ரிக்‌ஷா ஆய்வும் கேட்டது. கல்லூரி மாணவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து "மனிதர்கள் இப்படித்தான்" என்று எழுதுவதைப் படிக்கும்போது நான் பாதி விலைதான் தருவேன்.

9 மார்ச்

வங்கிக் கடன் கிடைத்தால் தண்டல் ஒழியாதா என்று பலர் கேட்டுவிட்டார்கள். 2020-ல் வந்த பி.எம். ஸ்வநிதி திட்டத்தில் தெரு வியாபாரிக்கு முதலில் 10,000, ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 20,000, அப்புறம் 50,000 வரை என்று 2025 வரை ஏற்பாடு இருந்தது. வட்டியில் 7 சதவீதம் மானியம். சித்தியும் வாங்கினார், கட்டினார். தண்டலும் தொடர்கிறது, ஆனால் தொகை பாதியாகிவிட்டது. ஏன் அடியோடு விடவில்லை என்றால் "பேங்க்காரன் ராத்திரி பத்து மணிக்கு போன் எடுப்பானா?" என்கிறார். அதற்குப் பதில் சொல்லும் கடன் திட்டத்தை யாராவது பார்த்திருந்தால் இங்கே எழுதுங்கள், நான் கேள்விப்படவில்லை.

10 மார்ச்

ஒரு சின்ன விசாரணை, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்து ஆட்களுக்கு. கட்டிங் ஆர்டர் இப்போதும் பதிவு வரிசைப்படிதான் வருகிறதா? வெட்டு ஆள் தட்டுப்பாட்டால், ஆள் கிடைத்தவர் முதலில் வெட்டுகிறார் என்று ஒருவர் தனிச்செய்தியில் சொன்னார். அது உண்மையானால் வசதி உள்ளவருக்குச் சீக்கிரம் ஆள் கிடைக்கும், சீக்கிரம் பணமும் வரும். அப்போது அறுவடைக்கு முன்பு நிற்பவரும் பின்பு நிற்பவரும் ஒரே மாதிரி ஆட்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது, அந்த ஆய்வை இன்றைக்கு அதே மாதிரி திரும்பச் செய்யவும் முடியாது. தெரிந்தவர்கள் எந்த ஆலைப் பகுதி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.